மூன்று வாரம் பிடிபடாத மிஸ்ஸிங்

அந்த பிக்கப் வண்டி மிஸ்ஸிங் என்று முதலில் என் ஷெட்டுக்கு வந்த திங்கட்கிழமை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அதற்குக் காரணம் வண்டி அல்ல, என் இடுப்பு. காலை ஆறு மணிக்கு என் மனைவியை டயாலிசிஸுக்கு ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு மைசூர் பன்னிமண்டபத்தில் இருக்கும் ஷெட்டுக்கு வந்து ஷட்டரைத் தூக்கினேன். பாதியில் இடுப்பு பிடித்துக்கொண்டது. மேலேயும் தூக்க முடியவில்லை, கீழே விடவும் முடியவில்லை. தோளில் ஷட்டரைத் தாங்கிக்கொண்டு அப்படியே நின்றேன். பின்னாலிருந்து ஒருவர் வந்து ஒரே கையால் மீதியை மேலே தள்ளிவிட்டார். அவர்தான் வண்டிக்காரர். அவர் மனைவி வண்டிக்குள்ளேயே உட்கார்ந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இருவரும் கௌதள்ளிக்குப் பக்கத்தில் ஒரு ஊர். சொந்த நிலத்துத் தக்காளியையும் அக்கம்பக்கத்துக் காடுதோட்டங்களில் விளைவதையும் ஏற்றிக்கொண்டு ஒருநாள் விட்டு ஒருநாள் மைசூர் மார்க்கெட்டுக்கு வருவார்கள். ஹனூர், கொள்ளேகால், நரசிபுரம் என்று நீண்ட வழி. விடிவதற்குள் மண்டியில் இருக்க வேண்டும் என்பதால் பாதித் தூக்கத்தில் கிளம்புகிறவர்கள். ஒருமுறை அவர் ஸ்டியரிங்கிலேயே கண் அசந்து வண்டி ஓரத்துக் கல்லில் ஏறிவிட்டது. அன்றிலிருந்து மனைவி கூடவே வருகிறார். வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்து அவரைத் தூங்கவிடாமல் பார்த்துக்கொள்வது அந்தப் பெண்ணின் வேலை. ஆனால் என் ஷெட்டுக்குள் அவர் பேசி நான் கேட்டதில்லை. இரண்டு வருடத்துக்கு முன்னால் ஃபேன் பெல்ட் அறுந்து என் ஷெட் வாசலில் நின்றபோது அறிமுகம். தமிழ் பேசுகிற மெக்கானிக் என்று அதன் பிறகு என்னிடமே வந்தார்கள். என் அப்பா அம்மா கட்டட வேலைக்கு மைசூருக்கு வந்தவர்கள், நான் இங்கேயே பிறந்தவன். என் தமிழில் பாதி கன்னடம் என்று வண்டிக்காரருக்கு ஒரு சிரிப்பு உண்டு.

அன்று அவர் சிரிக்கவில்லை.

"ஏத்தத்துல மிஸ்ஸிங் அடிக்குதுங்ணா. பாரத்தோட ஏறுனா குலுக்கிக்கிட்டு இழுக்கவே மாட்டேங்குது" என்றார்.

பதினேழு வருடம் ஓடிய டீசல் வண்டி. நான்கு சிலிண்டர். கம்ப்யூட்டர் எதுவும் கிடையாது, எல்லாம் இரும்பும் ரப்பரும்தான். மிஸ்ஸிங் என்றால் நான்கில் ஒன்று தன் முறை வரும்போது தீப்பிடிக்காமல் சும்மா சுற்றுவது. மற்ற மூன்றும் அதையும் சேர்த்து இழுக்க வேண்டும். ஏற்றத்தில் மட்டும் அப்படி ஆகிறது என்றால் பாரம் கூடும்போது டீசல் போதவில்லை என்று அர்த்தம். இதை நான் யோசித்துச் சொல்லவில்லை. முப்பது வருடமாக இதே வேலை. அவர் வாயிலிருந்து ஏற்றம் என்ற சொல் வந்த உடனேயே என் மனது டீசல் பக்கம் போய் உட்கார்ந்துவிட்டது. அதன் பிறகு அது அங்கிருந்து எழுந்திருக்கவே இல்லை.

முதல் நாள் ஃபில்டரை மாற்றினேன். டீசல் லைனில் காற்று இருந்தால் போகட்டும் என்று கைப்பம்ப் அடித்து எடுத்தேன். இன்ஜினை ஓடவிட்டு ஒவ்வொரு சிலிண்டருக்கும் போகும் டீசல் பைப்பின் நட்டை ஒவ்வொன்றாகத் தளர்த்திப் பார்த்தேன். நன்றாக ஓடும் சிலிண்டரின் நட்டைத் தளர்த்தினால் இன்ஜின் சத்தம் சட்டென்று விழும். ஏற்கெனவே செத்திருக்கும் சிலிண்டர் என்றால் எந்த மாற்றமும் தெரியாது. நான்கிலும் விழுந்தது. இரண்டாவதில் கொஞ்சம் குறைவாக விழுந்த மாதிரி இருந்தது, ஆனால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. இன்ஜின் தலைமேல் இருக்கும் மூடியைக் கழற்றி, வால்வுகளுக்கு மேலே இருக்கும் டேப்பெட் இடைவெளிகளைச் சரி செய்து, மறுபடி மூடினேன். சிலிண்டருக்குள் டீசலைத் தெளிக்கும் நான்கு நாசில்களையும் கழற்றி டீசல் பம்ப் ரிப்பேர் கடைக்குக் கொடுத்தேன். இரண்டில் தெளிப்பு சரியில்லை என்று மாற்றிக் கொடுத்தார்கள். அதுதான் என்று நானும் நினைத்தேன். ரோட்டில் ஓட்டிப் பார்த்தபோது நன்றாகத்தான் போனது. வெறும் வண்டி, சமதளம்.

புதன்கிழமை திரும்பி வந்தார்கள். அதே ஏற்றம், அதே குலுக்கல்.

அந்த நாட்களில் நான் எப்படி இருந்தேன் என்பதையும் சொல்ல வேண்டும். வாரத்தில் மூன்று நாள், திங்கள், புதன், வெள்ளி, என் மனைவிக்கு டயாலிசிஸ். அப்போது இரண்டாவது வருடம் நடந்துகொண்டிருந்தது. அதற்கு முன்னால் அவள் கார்மெண்ட்ஸ் ஃபேக்டரியில் தைத்து முடித்த சட்டைகளைச் சோதிக்கிற வேலையில் இருந்தவள். ஒரு நாளைக்கு எத்தனையோ நூறு சட்டையை நின்றபடியே புரட்டிப் பார்த்தவள் இப்போது பாத்ரூமுக்குப் போய்வந்தால் மூச்சு வாங்குகிறாள். காலை நாலரைக்கு எழுந்து வெந்நீர் வைத்து, அவளைக் கிளப்பி, ஆட்டோ பிடித்து விட்டுவிட்டு, ஷெட்டுக்கு வந்து நான்கு மணி நேரம் வேலை, பிறகு போய் அவளைக் கூட்டி வந்து வீட்டில் படுக்கவைத்து, கஞ்சி வைத்துவிட்டு மறுபடி ஷெட். டயாலிசிஸ் முடிந்த நாளில் அவளுக்கு யார் பேசினாலும் பிடிக்காது. மற்ற நாட்களில் ஒரு டம்ளர் தண்ணீரை நாள் முழுவதும் அளந்து குடிப்பாள். கையில் ஊசி போடும் இடத்தில் தோலுக்கடியில் ரத்தம் ஓடும் அதிர்வு இருக்கிறதா என்று தினமும் தொட்டுப் பார்க்கச் சொல்லியிருந்தார்கள். நான் விரல்களை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பேன். "நான் என்ன வண்டியா" என்று கையை இழுத்துக்கொள்வாள். எங்கள் வீட்டில் அதிகபட்சப் பேச்சு அவ்வளவுதான்.

வண்டிக்கு அடியில் படுக்கும்போதெல்லாம் அப்படியே தூங்கிவிடலாமா என்று இருக்கும். ஒருமுறை தூங்கியும் விட்டேன். ஸ்பேனர் கையிலிருந்து நழுவி நெற்றியில் விழுந்துதான் எழுந்தேன்.

புதன்கிழமை டேங்கைக் கழற்றினேன். அடியில் சேறு மாதிரி ஒன்று இருந்தது. கழுவினேன். டேங்கிலிருந்து வரும் ரப்பர் பைப் உள்ளே உரிந்து வழியை அடைக்கும், பழைய வண்டிகளில் அது சகஜம். அதையும் மாற்றினேன். வண்டிக்காரர் பக்கத்தில் நின்று ஒவ்வொன்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பெண் எதிர் டீக்கடையிலிருந்து மூன்று டம்ளரில் டீ வாங்கிவந்து வைத்துவிட்டு மறுபடி வண்டிக்குள் போய் உட்கார்ந்துகொண்டார். வெயிலில் தகித்துக்கொண்டிருந்த கேபினில் ஏன் உட்கார வேண்டும், ஷெட்டுக்குள் ஸ்டூல் இருக்கிறதே என்று ஒருமுறை சொன்னேன். இருக்கட்டுமுங் என்றார், அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை வந்தபோதும் மிஸ்ஸிங் இருந்தது. இரண்டாவது வாரம் பம்ப்பையே கழற்றினேன். டீசலை அளந்து ஒவ்வொரு சிலிண்டருக்கும் தள்ளுவது அதுதான். அதைக் கழற்றினால் வண்டி அசையாது. அந்த வாரம் முழுவதும் அவர்கள் பக்கத்து ஊர் வண்டியில் சரக்கு ஏற்றி அனுப்பினார்கள். பம்ப் கடைக்காரர் மெஷினில் ஏற்றிப் பார்த்துவிட்டு, பெரிதாகக் குறை இல்லை, கொஞ்சம் தேய்மானம், அளவைச் சரிசெய்திருக்கிறேன் என்றார். பெரிதாகக் குறை இல்லை என்று சொன்னதை நான் காதில் வாங்கியிருக்க வேண்டும். சரிசெய்திருக்கிறேன் என்பதை மட்டும் வாங்கிக்கொண்டேன்.

சனிக்கிழமை பம்ப்பை மாட்டி ஸ்டார்ட் செய்து, ஆக்சிலரேட்டரை இரண்டு மூன்று தடவை மிதித்து மிதித்து விட்டேன். கணீரென்று இருந்தது. வண்டிக்காரரிடம் சாவியைக் கொடுத்து, "தைரியமா போங்க. இனி வராது" என்றேன். நான் பொதுவாக அப்படிச் சொல்கிறவன் இல்லை. ஓட்டிப் பாருங்கள், ஏதாவது இருந்தால் சொல்லுங்கள் என்றுதான் சொல்வேன். அன்று அந்த வண்டி என் கண் முன்னாலிருந்து போனால் போதும் என்று இருந்தது.

திங்கட்கிழமை காலை ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன். அன்று ஷெட்டுக்குப் போகவில்லை, மனைவிக்கு ஏதோ ரத்தப் பரிசோதனை என்று இருக்கச் சொல்லியிருந்தார்கள். ஏழரை மணிக்கு வண்டிக்காரர் போன் செய்தார். குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். ஹனூர் தாண்டுவதற்குள்ளேயே மிஸ்ஸிங் ஆரம்பித்துவிட்டதாம். பயந்து பயந்து உருட்டிக்கொண்டு வந்து சேர்வதற்குள் மண்டியில் ஏலம் முடிந்துவிட்டது. அன்று வரத்து வேறு அதிகம். மழையில் நனைந்த தக்காளி, அடுத்த நாள் வரை தாங்காது. யாரும் எடுக்கவில்லை. மாட்டுக்குப் போடுவதற்கு ஒருவர் பாதி எடுத்துக்கொண்டார், மீதியை மார்க்கெட் பின்னாலேயே கொட்டிவிட்டோம் என்றார். பிறகு அவரே, "வேற யாராவது கிட்ட காட்டட்டுங்களாண்ணா?" என்று கேட்டார்.

வெள்ளிக்கிழமை வாருங்கள், ஒரே ஒருமுறை பார்த்துவிடுகிறேன் என்று சொன்னேன். எனக்கே என் குரல் கெஞ்சுகிற மாதிரி கேட்டது.

அந்த நான்கு நாளும் வேறு வண்டிகளைப் பார்த்தேன். கை அவற்றில் இருந்தாலும் மனது இதில்தான் சுற்றிக்கொண்டிருந்தது. ஃபில்டர் இல்லை, நாசில் இல்லை, டேங்க் இல்லை, பைப் இல்லை, பம்ப் இல்லை. இனி மிச்சம் இருப்பது இன்ஜினின் மேல்பாகமான ஹெட்டைக் கழற்றித் தூக்கி உள்ளே பார்ப்பது. ஹெட் தூக்கினால் ஒரு வாரம் வண்டி நிற்கும். அதுவும் இல்லையென்றால் என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. வேறு ஒருவரிடம் போகட்டும் என்று விட்டிருக்கலாம். அதற்கும் தெம்பு வேண்டியிருந்தது.

வெள்ளிக்கிழமை மார்க்கெட்டை முடித்துக்கொண்டு எட்டரை மணிக்கு இருவரும் வந்தார்கள். அந்த வாரம் சரக்கைக் குறைத்து ஏற்றி, மெதுவாக ஓட்டி வந்திருந்தார்கள். ஹெட் தூக்க வேண்டியிருக்கும் என்று நான் சொல்லிக்கொண்டிருந்தபோதே என் போன் அடித்தது. டயாலிசிஸ் நர்ஸ். என் மனைவிக்கு ரத்த அழுத்தம் விழுந்துவிட்டது, பாதியில் நிறுத்திவிட்டோம், இப்போது பரவாயில்லை, வந்து கூட்டிப் போங்கள் என்றார். நான் போனைப் பையில் போட்டுவிட்டு ஷெட்டில் நிற்கும் ஸ்கூட்டரின் சாவியைத் தேடினேன். மேசை மேலேயே இருந்தது, கண்ணில் படவில்லை.

"ஏறுங்ணா. நாம போயிரலாம்" என்றார் வண்டிக்காரர்.

கேபினில் மூவரும் நெருக்கி உட்கார்ந்தோம். அந்தப் பெண் நடுவில். போகும் வழியில் அவர் என் பக்கம் திரும்பி, "ஏனுங்ணா, அந்தச் சத்தம் வந்துங்" என்று ஏதோ ஆரம்பித்தார். அவர் கணவர், "அண்ணன் என்ன நெலமையில இருக்காரு, சும்மா இரு" என்று அடக்கிவிட்டார். நானும் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டுதான் வந்தேன்.

வார்டில் என் மனைவி வெளுத்துப் போய்ப் படுத்திருந்தாள். கண்ணைத் திறந்து என்னைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டாள். நர்ஸ் குறிப்பு எழுதிக்கொண்டே, காலில் சதை பிடித்து இழுப்பது எப்போதிலிருந்து என்று கேட்டார். நேற்றிலிருந்து என்று நான் சொன்னேன். என் மனைவி கண்ணைத் திறக்காமலேயே, "நாலு நாளா" என்றாள். நர்ஸ் அதை எழுதிக்கொண்டார்.

சக்கர நாற்காலியில் வாசலுக்குக் கொண்டுவந்தபோது ஆட்டோ தேட வேண்டியிருக்கவில்லை, பிக்கப் காத்துக்கொண்டிருந்தது. என் மனைவி அந்த உயரத்தைப் பார்த்து மலைத்தாள். அந்தப் பெண் இறங்கி வந்து, ஒன்றும் கேட்காமல் அவள் இடுப்பைச் சுற்றிக் கைபோட்டு, ஒரு காலைத் தன் தொடைமேல் வைக்கச் சொல்லி, மேலே ஏற்றிவிட்டார். மூட்டையும் தக்காளிக் கிரேட்டும் தூக்குகிற கை. கேபினில் இடம் இல்லாததால் நான் பின்னால், காலி கிரேட்டுகளுக்கு நடுவில் தார்ப்பாய் மேல் உட்கார்ந்துகொண்டேன்.

கேசரேயில் இருக்கும் என் வீட்டுக்கு இருபது நிமிடம். பின்கண்ணாடி வழியாக இரண்டு பெண்களின் தலைகளும் தெரிந்தன. அந்தப் பெண் பேசிக்கொண்டே வந்தார். என் மனைவியின் தலை அவர் தோளில் சாய்ந்திருந்தது. யார் பேசினாலும் பிடிக்காத நாளில் இது என்ன என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. வண்டி சிக்னல்களில் நின்று நின்று சாதுவாகப் போனது. ஒரு குலுக்கல் இல்லை. புகையைக் கவனித்தேன், அதுவும் சீராகத்தான் வந்தது.

வீட்டில் அவளைக் கட்டிலில் படுக்கவைத்து, காலுக்கடியில் தலையணை வைத்தேன். அவர்கள் இருவரும் வெளியே நின்றார்கள். கஞ்சி கொதிக்கவைக்க நான் திரும்பியபோது அவள் கூப்பிட்டாள்.

"அந்தப் பொண்ணு சொல்லுது, ஏத்தத்துக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லயாம்."

எதற்கு என்று எனக்கு முதலில் புரியவில்லை.

"வண்டிக்கு. ஏத்தத்துல மெதுவா ஏறினா வரதில்லயாம். இன்ஜின் கத்தினா மட்டும்தான் வருதாம். எறக்கத்துல கூட வருதாம். மூணு வாரமா சும்மாவே எதையோ கழட்டிட்டு இருக்கீங்களாம். நீங்க அதுகிட்ட கேக்கவே இல்லயா?"

சும்மா படு, இப்போது அதுவா முக்கியம் என்று எரிந்து விழுந்தேன். அடுப்பில் கஞ்சியைக் கிளறிக்கொண்டிருந்தேன். கரண்டி பாதியில் நின்றுவிட்டது. இறக்கத்தில் பாரம் கிடையாது. இறக்கத்தில் டீசல் அவ்வளவாகப் போவதே கிடையாது. அங்கேயும் சத்தம் வருகிறது என்றால் இது டீசல் பிரச்சினையே இல்லை.

பக்கத்து வீட்டு அம்மாவை மனைவியோடு இருக்கச் சொல்லிவிட்டு வெளியே வந்தேன். ஷெட்டுக்குப் போகும் வழியில் அந்தப் பெண்ணிடம் நேராகக் கேட்டேன். அவர் முதலில் கணவரைப் பார்த்தார். பிறகு சொன்னார்.

"மூணாவது கியர்ல முக்கிக்கிட்டு ஏறுனா ஒண்ணும் பண்றதில்லீங். இவரு ரெண்டாவது போட்டு மிதிப்பாருங், அப்பத்தான் வருது. எறக்கத்துல ரெண்டாவதுல விட்டாலும் என் காலுக்கடியில டக்கு டக்குன்னு அடிக்குதுங். சத்தத்த விட காலுல நல்லாத் தெரியும். அதுக்குத்தான் செருப்பக் கழட்டிட்டு உக்காருவேன்."

கொஞ்ச தூரம் போன பிறகு வண்டிக்காரர், "எங்கிட்டயும் சொல்லிருக்கா. நாந்தான் இது சும்மா சொல்றான்னு உட்டுட்டேனுங்" என்றார்.

ஷெட்டில் இன்ஜினை நன்றாகச் சூடாகவிட்டேன். இதுவரை நான் ஷெட்டுக்குள் ஆக்சிலரேட்டரை மிதித்து மிதித்துத்தான் பார்த்திருந்தேன். சத்தம் ஏறும், உடனே இறங்கும். குறை தலைகாட்ட நேரமே கொடுத்ததில்லை. பழைய இன்ஜினை வெறுமனே கத்தவிடக் கூடாது என்பது என் பழக்கம். இந்த முறை வண்டிக்காரரை உள்ளே உட்காரவைத்து, நான் சொல்லும்வரை அழுத்தியே பிடிக்கச் சொன்னேன். பத்து வினாடி ஒன்றுமில்லை. இருபது வினாடியில் ஆரம்பித்தது. வண்டி நின்ற இடத்திலேயே குலுங்கியது. பாரமே இல்லாமல், ஏற்றமே இல்லாமல். மேல்மூடியில் கையை வைத்தேன். இரண்டாவது சிலிண்டருக்கு மேலே உள்ளங்கையில் அடித்தது. அந்தப் பெண் கேபினுக்குள்ளிருந்து, "இதுதானுங்" என்றார்.

நிறுத்தச் சொன்னேன். இன்ஜின் ஆறும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பிறகு மேல்மூடியைக் கழற்றினேன். முதல் வாரம் டேப்பெட் வைக்கக் கழற்றிய அதே மூடி. எட்டு வால்வுகள், ஒவ்வொன்றுக்கும் மேலே பெரிய ஸ்பிரிங் ஒன்று, அதற்குள் சின்ன ஸ்பிரிங் ஒன்று. வால்வைத் திரும்ப மூடவைப்பது இவைதான். எல்லாம் முழுசாகத்தான் தெரிந்தன. நீண்ட ஸ்க்ரூடிரைவரால் ஒவ்வொன்றையும் அழுத்திப் பார்த்தேன். இரண்டாவது சிலிண்டரின் ஒரு ஸ்பிரிங் மற்றவற்றைவிடச் சுலபமாக அமுங்கியது. டார்ச் அடித்து எண்ணெயைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன். பெரிய ஸ்பிரிங்கின் கடைசிச் சுற்று, அடியில், உடைந்திருந்தது. உடைந்த துண்டு வெளியே வரவில்லை. திருகி உள்ளேயே சேர்ந்து உட்கார்ந்துகொண்டிருந்தது. இன்ஜின் மெதுவாக ஓடும்போது உள்ளே இருக்கும் சின்ன ஸ்பிரிங் ஒன்றே வால்வைச் சமாளித்து மூடிவிடும். வேகமாகச் சுற்றும்போது அதனால் முடியாது. வால்வு மூடுவதற்குள் அடுத்த முறை வந்துவிடும். அந்த சிலிண்டர் வெறுமனே மூச்சுவிட்டுக்கொண்டு சுற்றும்.

நான் பானெட் ஓரத்தில் சாய்ந்து நின்றேன். மூன்று வாரத்துக்கு முன்னால் இதே ஸ்பிரிங்குக்கு மேலே அரை மணி நேரம் குனிந்து வேலை பார்த்திருக்கிறேன். இடைவெளியை அளந்திருக்கிறேன். என் மூக்குக்கும் அந்த உடைசலுக்கும் நடுவே ஒரு சாண் தூரம்கூட இருந்திருக்காது.

இதை அவர்களிடம் சொல்லாமலும் இருந்திருக்கலாம். இப்போதுதான் உடைந்தது என்று சொன்னால் அவர்களுக்குத் தெரியப்போவதில்லை. அந்த எண்ணம் வரவில்லை என்று சொன்னால் பொய். வந்தது. ஆனால் பொய் சொல்லிவிட்டு அதை ஞாபகம் வைத்துக்கொள்ளவும் எனக்குத் தெம்பில்லை. இருவரையும் கூப்பிட்டுக் காட்டினேன். முதல் வாரமே இதைத் திறந்தேன், பார்க்காமல் மூடிவிட்டேன், நாசிலை மாற்றியிருக்கவோ பம்ப்பைக் கழற்றியிருக்கவோ வேண்டாம், அந்தத் தக்காளியும் என்னால்தான் போனது என்று சொன்னேன்.

வண்டிக்காரர் உடைந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பெண் கேட்டார்.

"உள்ள இருக்கற சின்னதும் ஒடஞ்சிருந்தா என்னாயிருக்குமுங்?"

"வால்வு உள்ள விழுந்திருக்கும். பிஸ்டன் அது மேல இடிச்சிருக்கும். இன்ஜின் அந்த இடத்துலயே போயிருக்கும்."

"எறக்கத்துலயா?"

"எங்க வேணா."

அவர் தலையை ஆட்டினார். "மொத நாளே கேட்டிருந்தா சொல்லியிருப்பேங்" என்றார். குத்திக்காட்டுகிற தொனி இல்லை. நடந்ததைச் சொன்னார், அவ்வளவுதான்.

மதியத்துக்கு மேல் கடையில் ஸ்பிரிங் செட் கிடைத்தது. ஹெட்டைத் தூக்காமலேயே மாற்றலாம். எந்த சிலிண்டரில் வேலையோ அதன் பிஸ்டனை மேலே உச்சிக்குக் கொண்டுவந்து நிறுத்திவிட்டால் வால்வு கீழே விழாது. ஒருவர் நெம்புகோலால் ஸ்பிரிங்கை அழுத்திப் பிடிக்க வேண்டும், ஒருவர் அதன் நடுவில் இருக்கும் அரிசி மணியைவிடக் கொஞ்சம் பெரிய இரண்டு பூட்டுகளை எடுக்க வேண்டும். வண்டிக்காரர் அழுத்தினார். அந்தப் பெண் டார்ச் பிடித்தார். என் கை எங்கே போகிறதோ அதற்கு ஒரு நொடி முன்னாலேயே வெளிச்சம் அங்கே இருந்தது. ஒரு பூட்டு வழுக்கி ஓடியபோது அது எங்கே விழுந்தது என்று அவர்தான் காட்டினார். எட்டு வால்வுக்கும் புது ஸ்பிரிங் போட்டு முடித்தபோது ஐந்து மணி ஆகிவிட்டது. இடையில் மூன்று தடவை வீட்டுக்குப் போன் செய்தேன். தூங்குகிறார்கள் என்று பக்கத்து வீட்டு அம்மா ஒவ்வொரு முறையும் சொன்னார்.

ரிங் ரோட்டில் ஓட்டிப் பார்த்தோம். நான் ஓட்டினேன். இரண்டாவது கியரில் வைத்து, இன்ஜின் அலறும்வரை மிதித்து, அப்படியே பிடித்தேன். பாலத்து ஏற்றத்தில் ஒருமுறை, இறக்கத்தில் ஒருமுறை. அந்தப் பெண் செருப்பைக் கழற்றிவிட்டுப் பாதத்தைத் தரையில் அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் முகத்தைத் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். என் காதை நான் அன்று நம்பத் தயாராக இல்லை. நான்காவது முறைக்குப் பிறகு அவர், "இல்லீங்ணா. போயிருச்சு" என்றார்.

அவர்கள் ஊர் போய்ச் சேர எப்படியும் இருட்டிவிடும். ஷெட்டுக்கு வந்ததும் வண்டிக்காரர் கிளம்பும் அவசரத்தில் இருந்தார். ஏறி உட்கார்ந்த பிறகு ஜன்னல் வழியாக, "அக்காளப் பாத்துக்கோங்ணா" என்று மட்டும் சொன்னார். அதன் பிறகு அந்த இன்ஜின் எனக்குத் தொந்தரவு கொடுக்கவில்லை. அவர்கள் இன்னும் என்னிடம்தான் வருகிறார்கள். வராமல் போயிருந்தாலும் நான் ஒன்றும் நினைத்திருக்க மாட்டேன்.

கைகளைக் கழுவிக்கொண்டு வீட்டுக்குப் போனபோது என் மனைவி எழுந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். முகத்தில் கொஞ்சம் நிறம் திரும்பியிருந்தது. ஸ்பிரிங் உடைந்திருந்தது, அந்தப் பெண் சொன்னது சரி என்று சொன்னேன். எந்தப் பெண் என்று கேட்டாள். காலையில் வண்டியில் வந்ததோ, என்னிடம் பேசியதோ அவளுக்குச் சரியாக நினைவில்லை. யாரோ தோளில் சாய்த்துக்கொண்டது மட்டும் தெரிகிறது என்றாள். தோளில் வைக்கோல் வாசனை வந்தது என்றாள்.

காலில் இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்டேன். யோசித்து, இடது காலில் மட்டும் இருக்கிறது, கீழே கெண்டைச் சதையில் ஆரம்பித்து முட்டிக்குப் பின்னால் போய் நிற்கிறது, விடிகாலையில் அதிகம் என்று சொன்னாள். நான் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அந்தக் காலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். அவள் மேலும் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். கேட்டுக்கொண்டே, உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டேன்.